ஓர் இணைப்பு, பதினேழு கருவிகள்

திருச்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, இணையம் அடிக்கடி நின்றுபோகிறது என்று அவள் சொன்னதால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். உலாவியில் 192.168.1.1 என்று அடித்து, பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்ததும் உள்ளே விட்டுவிட்டது. வீட்டில் இருப்பவர்கள் நான்கு பேர். இணைந்திருந்த கருவிகளின் பட்டியலில் பதினேழு வரிகள் இருந்தன.

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடினோம். அக்கா, அத்தான், பிள்ளைகள் இருவர் என நான்கு போன்கள். ஒரு மடிக்கணினி, ஒரு பிரிண்டர், கூடத்து டிவி. வாசலில் ஒன்றும் கொல்லையில் ஒன்றுமாக இரண்டு கேமராக்கள். 'ஈஎஸ்பி' என்று தொடங்கி எண்களில் முடிந்த ஒரு பெயர் யாருக்கும் பிடிபடவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் சுவிட்ச்தான் அது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. சுவிட்சுக்குள் இருக்கும் சிப்பின் பெயர் அப்படித் தெரிந்திருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்களின் இரண்டு போன்களும் ஒரு டிவியும். அக்காவிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் போன்கள் இரண்டு. மிச்சம் இரண்டு கருவிகள் யாருடையவை என்று தெரியவே இல்லை.

"பாஸ்வேர்டு போட்டுத்தானேடா வச்சிருக்கு, அப்புறம் எப்படி?" என்று அக்கா கேட்டாள். அந்தப் பாஸ்வேர்டு அத்தானின் பத்து இலக்கக் கைப்பேசி எண். இணைப்பைப் பொருத்த வந்த பையன் வைத்துவிட்டுப் போனது. பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வரை தெருவில் பாதிப் பேரிடம் அந்த எண் இருக்கிறது.

அக்காவின் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. ஒரே இணைப்பை வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கு வைக்கும் நுட்பம் முகவரிப் பஞ்சத்தைச் சமாளிக்கப் பிறந்தது. காவலுக்காக யாரும் அதை உருவாக்கவில்லை. பக்கவிளைவாக ஒரு பாதுகாப்பும் கிடைத்தது. அதன்மேல் சாய்ந்தே கால் நூற்றாண்டை ஓட்டிவிட்டோம். அந்தப் பக்கவிளைவு இப்போது மூன்று நான்கு பக்கங்களில் கரைந்துகொண்டிருக்கிறது என்பது என் முடிவு. எப்படி என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இணையத்தின் நான்காம் பதிப்பு நெறிமுறையில் ஒரு முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். மொத்தம் 429 கோடியே சொச்சம் முகவரிகள். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே இது போதாது என்று தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் கெல்ட் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் ஒரு தற்காலிக ஏற்பாட்டை முன்வைத்தார்கள்: உள்ளே இருக்கும் கணினிகளுக்கு எங்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தக்க முகவரிகளைக் கொடுத்துவிட்டு, வெளியே போகும்போது மட்டும் உண்மையான முகவரியாக மாற்றிக்கொள்ளலாம். முகவரிப் பெயர்ப்பு, சுருக்கமாக 'நேட்', இப்படித்தான் பிறந்தது. இது பாதுகாப்புக்கு உள்ள வழிகளைக் குறைத்துவிடுகிறது என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். முகவரியை நடுவில் மாற்ற வேண்டியிருப்பதால், முகவரி சார்ந்த எதையும் குறியாக்கம் செய்து பூட்ட முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பின்னாளில் உலகமே இதைக் காவல் சுவராக எண்ணப்போகிறது என்பதற்கு அதில் அறிகுறியே இல்லை. 1996 பிப்ரவரியில், தனியார் வலைகளுக்கென்று 10, 172.16, 192.168 என்று தொடங்கும் மூன்று தொகுதிகளை ஒதுக்கினார்கள். நம் வீட்டு 192.168 அங்கிருந்து வந்தது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. அப்போது பங்கு வைக்கும் பேச்சே இல்லை. ஒரு தொலைபேசி, ஒரு மோடம், ஒரு கணினி. பங்கீட்டை முதலில் பழகியவை பிரவுசிங் சென்டர்கள். ஒரே இணைப்பை எட்டுப் பத்து கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வின்கேட் போன்ற ஒரு மென்பொருளை நிறுவுவார்கள். இல்லையென்றால் ஒரு லினக்ஸ் பெட்டியை வாசலில் நிறுத்துவார்கள். 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு இந்த வேலையைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. ஒரு கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகளைச் செருகி ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் அது 192.168.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு மற்றவற்றுக்கு வாசலாகிவிடும். அந்த ஒரு கணினியை அணைத்தால் கடை முழுவதும் நின்றுபோகும். அதில் வைரஸ் புகுந்தால் எல்லாருடைய போக்குவரத்தும் அதன் கண்முன்னே போகும். வாசலில் நிற்பவனைத்தான் முதலில் காக்க வேண்டும் என்ற பாடம் அன்றே இருந்தது. இன்று அதே இடத்தில் ரவுட்டர் நிற்கிறது.

நேட் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் அதன் பலமும் பலவீனமும் தெரியும். அக்காவின் போன் 192.168.1.5 என்ற உள்முகவரியிலிருந்து வங்கியின் தளத்தைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டர் அந்தப் பொதியில் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் வெளிமுகவரியை எழுதுகிறது. கூடவே 41207 போல ஒரு போர்ட் எண்ணை இட்டு, '41207-க்கு வருவது ஐந்தாம் எண்ணுக்கு உரியது' என்று தன் ஏட்டில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்ததும் ஏட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. ஏட்டில் இல்லாத எண்ணுக்கு வெளியிலிருந்து யாராவது எதையாவது அனுப்பினால், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கீழே போட்டுவிடுகிறது. வீட்டுக்குக் கிடைத்த காவல் இந்தத் தெரியாமைதான்.

ஆனால் அந்தத் தெரியாமைக்குப் பெரிய மதிப்பு இருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு கிளம்பியபோது, மோடத்தோடு நேராக இணைந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் யாரும் எதையும் சொடுக்காமலேயே தொற்றுக்குள்ளாயின. ரவுட்டருக்குப் பின்னால் இருந்தவை பெரும்பாலும் தப்பின. எக்ஸ்பி-க்கு மறு ஆண்டு ஆகஸ்டில் வெளியான இரண்டாம் சர்வீஸ் பேக்கில்தான் தீயரண் தானாகவே இயங்கத் தொடங்கியது. "ரவுட்டர் இருக்கிறது, பயமில்லை" என்ற நம்பிக்கை அந்த ஆண்டுகளில் வேரூன்றியது. அன்றைக்கு அது ஏறக்குறைய உண்மை.

பிறகு ஆபத்து வரும் திசை மாறியது. நேட் உள்ளிருந்து வெளியே போவதைத் தடுப்பதே இல்லை. கேமராவுக்குள் கெட்ட மென்பொருள் ஒன்று குடியேறிவிட்டால், அது வெளியே ஓர் எசமானனைக் கூப்பிடும்; ரவுட்டர் அதையும் ஏட்டில் மரியாதையாகக் குறித்துக்கொண்டு பதிலை உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். இன்னொரு ஓட்டை யுபிஎன்பி என்ற வசதி. உள்ளே இருக்கும் எந்தக் கருவியும் ரவுட்டரிடம் "எனக்கு ஒரு கதவு திறந்து வை" என்று கேட்டால், யார் நீ என்று விசாரிக்காமல் அது திறந்து வைத்துவிடும். விளையாட்டுக் கருவிகளுக்கு வசதியான ஏற்பாடு இது. ஆன்லைன் விளையாட்டில் ஊறிய பிள்ளைகள் இல்லாத வீட்டில் இதை அணைத்து வைப்பதால் நான் பார்த்தவரை ஒரு குறையும் வந்ததில்லை.

மதிலைத் தாண்டிப் போவது வைஃபை. கம்பியில் போகும் வரை, வலைக்குள் வர வேண்டுமானால் வீட்டுக்குள் வர வேண்டும். அலையாக மாறிய பிறகு தெருவில் நிற்கும் ஸ்கூட்டர் வரை வீடு நீண்டுவிட்டது. 1997-ல் வந்த முதல் பூட்டான டபிள்யூஇபி-யின் குறையை 2001-ல் ஃபுளூரர், மான்டின், ஷமீர் மூவரும் வெளிப்படுத்தினார்கள். 2007-ல் ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் பல்கலைக்கழகத்தார் அதை ஒரு நிமிடத்துக்குள் திறந்து காட்டினார்கள். அதற்குள் 2003-ல் டபிள்யூபிஏ-வும், 2004-ல் டபிள்யூபிஏ2-வும் வந்திருந்தன. ஆனால் நம் வீடுகளில் பல வைஃபைகள் எந்தப் பூட்டும் இல்லாமலேயே கிடந்தன.

அதன் விலை 2008-ல் தெரிந்தது. ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அதன் ஐபி முகவரியைத் தொடர்ந்து போன காவல்துறை, நவி மும்பையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் நின்றது. அங்கே குடியிருந்தவரின் பூட்டப்படாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, பாதுகாப்பில்லாத வைஃபை இணைப்புகளைச் சீர்படுத்தும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் விசாரணை முதலில் வந்து நிற்கும். மாடிக் குடியிருப்புக்கோ எதிர்வீட்டுக்கோ பாஸ்வேர்டைக் கொடுக்கும்போது நம் பெயரையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

இப்போது அத்தானின் கைப்பேசி எண்ணுக்கு வருகிறேன். டபிள்யூபிஏ2-வில் ஒரு கருவி ரவுட்டரோடு சேரும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கைகுலுக்கல் நடக்கிறது. அதைத் தெருவிலிருந்தே பதிவு செய்துகொள்ளலாம். பிறகு வீட்டுக்குப் போய், இணைப்பே இல்லாமல், ஒவ்வொரு கடவுச்சொல்லாக ஊகித்து அந்தப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் ஊகத்துக்கும் 4,096 சுற்றுக் கணக்குப் போட வேண்டும் என்று விதி வைத்துத்தான் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அப்படியும் இன்றைய உயர்தர கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் ஊகித்துவிடும். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தம் 400 கோடி. அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம். பிறந்த தேதி இதைவிட மோசம்; அதற்கு ஒரு நொடிகூட வேண்டாம்.

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எளிய சொற்களை, குலுக்கிப் போட்டு எடுத்ததுபோல் எடுத்து, ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,000 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து நான்கு சொற்கள் என்றால் அதே கார்டுக்கு மூன்று மாதம் பிடிக்கும். ஐந்து சொற்கள் என்றால் 500 ஆண்டு. உரல், முருங்கை, தபால், சாயம், நண்டு என்பதுபோல் ஐந்து சொற்களை அக்கா நினைவில் வைத்துக்கொள்வாள், பாட்டியும் வைத்துக்கொள்வார். புரியாத குறிகளை அள்ளித் தெளித்து, மறந்துபோய், கடைசியில் போன் எண்ணுக்கே திரும்புவதைவிட இது எவ்வளவோ மேல். குலுக்கலில் மட்டும் ஏமாற்றக் கூடாது; பிடித்த சினிமாப் பெயரும் குலசாமி பெயரும் ஊகிப்பவர் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதி அதைச் சுற்றிக்கொண்டு போக வழி விட்டது. அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்ப்பதால், பத்துக் கோடி ஊகம் தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 போதும் என்று 2011 டிசம்பரில் தெரியவந்தது. அதையும் அணைத்துவிட வேண்டும். 2017 அக்டோபரில் பெல்ஜியத்தின் மாத்தி வான்ஹூஃப் டபிள்யூபிஏ2-வின் கைகுலுக்கலிலேயே ஒரு குறையைக் காட்டினார். மென்பொருளைப் புதுப்பித்து அதைச் சரிசெய்தார்கள். 2018-ல் வந்த டபிள்யூபிஏ3, பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் ஊகிக்கும் வழியையே அடைத்தது. அதிலும் மறு ஆண்டு சில குறைகள் வெளிப்பட்டு அடைபட்டன என்றாலும், கருவிகள் ஏற்குமானால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன். பழைய போன்கள் இருந்தால் இரண்டும் கலந்த முறை இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு உறுத்துவது வேறு. ரவுட்டருக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றொன்று அந்தப் பெட்டியையே ஆள்வதற்கு. இரண்டாவது சாவி பெரும்பாலான தமிழ்நாட்டு வீடுகளில் வீட்டுக்காரரிடம் இல்லை. ஃபைபர் இழுத்து வருபவர் பெட்டியைச் சுவரில் அடித்து, தன் மடிக்கணினியில் ஏதோ தட்டி, "சார், உள்ள எதையும் மாத்திடாதீங்க, நெட் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். என் வீட்டிலும் அதுதான் நடந்தது. முதுகுச் சீட்டில் இருப்பதைத் தாண்டி முழுதாக ஆளும் கடவுச்சொல்லைக் கேட்டதற்கு, அலுவலகத்தில் கேளுங்கள் என்றார். அலுவலகத்தில், அதைக் கொடுப்பதில்லை என்றார்கள். மூன்று தெரு தள்ளியிருக்கும் நண்பர் வீட்டுப் பெட்டியின் முதுகில் பார்த்தேன். என் பெட்டியில் இருந்த அதே பெயர், அதே சொல்.

ஆயிரம் வீட்டுக்கு ஒரே சாவி என்றால் என்ன ஆகும் என்பதை 2016 காட்டியது. மிராய் என்ற மென்பொருள் இணையத்தில் தென்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் அறுபத்துச் சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்களால் தட்டித் தட்டித் திறந்தது. லட்சக்கணக்கான கருவிகள் அதன் கையில் சிக்கின. அக்டோபர் 21 அன்று அவற்றை தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித்தரும் பெயர்ச்சேவை நடத்திய டைன் என்ற நிறுவனத்தின்மேல் ஏவியபோது, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. எழுதியவர்கள் கல்லூரி வயது இளைஞர்கள். மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நவம்பர் இறுதியில் அதன் இன்னொரு வடிவம், நிறுவனங்கள் தொலைவிலிருந்து ரவுட்டரைப் பராமரிக்க வைத்திருந்த கதவு வழியாகப் புகுந்து, ஜெர்மனியில் 9 லட்சம் வீடுகளின் இணைப்பைக் குலைத்தது. 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே பிஎஸ்என்எல் மோடம்கள் ஏராளமாக இப்படி முடங்க, தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றும்படி அந்நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

திருடன் முடக்காமலும் இருக்கலாம். ரவுட்டருக்குள் நுழைந்து பெயர்ச்சேவை முகவரியை மட்டும் மாற்றி வைத்தால், வங்கியின் பெயரைச் சரியாக அடித்தாலும் வேறு வாசலுக்குக் கூட்டிப்போகும். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மென்பொருள் இந்த வேலையை உலகெங்கும் சுமார் 40 லட்சம் கணினிகளில் செய்துவைத்திருந்தது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அந்தக் கும்பலைப் பிடித்த பிறகும், உடனே சேவையகங்களை நிறுத்தினால் அத்தனை பேருக்கும் இணையம் போய்விடும் என்பதால், 2012 ஜூலை 9 வரை மாற்றுச் சேவையகங்களை ஓடவிட வேண்டியிருந்தது.

எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் வைத்து விற்பதை, கலிஃபோர்னியா 2020 ஜனவரி முதலும் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதலும் சட்டத்தால் தடுத்திருக்கின்றன. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல், அது வீட்டுக்காரர் கையில் எழுத்தாக: இணைப்புக் கொடுக்கும்போது இந்த இரண்டும் கட்டாயம் என்று நம் நாட்டிலும் சொல்ல வேண்டும். மின் மீட்டர் வாரியத்தினுடையது என்பதால் மெயின் சுவிட்சை நாம் தொடக்கூடாது என்று யாரும் சொல்வதில்லையே.

இன்னொரு மாற்றம் தெருமுனையில் நடந்திருக்கிறது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கிடங்கில் முகவரிகள் தீர்ந்தன. ஆசிய பசிபிக் பகுதியின் இருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் அடிமட்டத்தைத் தொட்டது. அதனால் இணைய நிறுவனமே நேட் செய்யத் தொடங்கியது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான ஏதாவது ஒன்றில் தொடங்கினால், உங்கள் வீட்டுக்கு இணையத்தில் தனி முகவரி இல்லை என்று பொருள். பல வீடுகள் ஒரே முகவரியில் இருக்கின்றன. எங்கோ ஒரு வீட்டில் யாரோ தளம் ஒன்றைத் தொல்லை செய்தால், அந்தத் தளம் உங்களிடமும் "நீ மனிதனா" என்று கேட்கும். வெளியூரிலிருந்து வாசல் கேமராவை நேராகப் பார்க்க முடியாது. தயாரிப்பாளரின் சேவையகம் வழியாகத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக் காட்சி எங்கோ ஒரு நாட்டுக்குப் போய்த் திரும்புகிறது. இது கூடுதல் சுவர்தானே என்று சிலர் சொல்கிறார்கள். உள்ளிருந்து கூப்பிடும் கருவியை இந்தச் சுவரும் நிறுத்துவதில்லை.

அதே நேரம் நெறிமுறையின் ஆறாம் பதிப்பான ஐபிவி6 வந்து சுவரையே எடுத்துவிடுகிறது. 128 பிட் முகவரியில் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மோட்டார் சுவிட்சுக்கும் உலகறிந்த தனி முகவரி உண்டு. இந்தியா இதன் பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருக்கிறது. மறைக்க ஏடு இல்லாதபோது, வெளியிலிருந்து தானாக வரும் தொடர்பைத் தடுக்கும் தீயரண் ரவுட்டரில் வேண்டும் என்று 2011-லேயே பரிந்துரைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அது இருக்கிறது. இயங்குகிறதா என்று ஐபிவி6 பகுதிக்குப் போய் ஒருமுறை பார்க்க வேண்டும். பயந்துபோய் ஐபிவி6-ஐயே அணைப்பவர்கள் உண்டு, அதற்கு அவசியமில்லை.

இனி வீட்டுக்குள். வலைக்குள் வந்த கருவிகள் எல்லாம் ஒரே அறையில் இருக்கின்றன. கேமரா மடிக்கணினியைத் தட்டலாம். டியூஷன் பிள்ளையின் போன் பிரிண்டரைப் பார்க்கலாம். ஒரு கருவி "நான்தான் ரவுட்டர்" என்று மற்றவற்றிடம் பொய் சொல்லி, போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பவும் முடியும். வீட்டு வலையில் யார் எந்த முகவரி என்று அறியும் நெறிமுறை 1982-ல் எழுதப்பட்டது. கேட்டதை நம்பும் இயல்பு அதற்கு. 2010-ல் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள் வந்தபோது, பூட்டில்லாத வைஃபையில் பக்கத்து மேசைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரே சொடுக்கில் நுழைய முடிந்தது. அதன் பிறகு பெரிய தளங்கள் பலவும் முழுமையான குறியாக்கத்துக்கு மாறின. அந்தப் பூட்டு இன்று நம் வங்கிப் பரிமாற்றத்தைக் காக்கிறது. கேமராவின் பழைய மென்பொருளை அது காக்காது.

ஆகவே பிரித்து வைக்க வேண்டும். பழைய வீடுகளில் திண்ணை எதற்கு இருந்ததோ அதற்குத்தான் கெஸ்ட் நெட்வொர்க். வந்தவருக்கு இடமும் தண்ணீரும் உண்டு, பின்கட்டுக்குப் போக வேண்டியதில்லை. இன்று விற்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. விருந்தினர், டியூஷன் பிள்ளைகள், கேமரா, சுவிட்ச் எல்லாம் அங்கே. சங்கடமும் உண்டு: டிவியை அங்கே வைத்தால் போனிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்ப முடியாது, பிரிண்டரை வைத்தால் மடிக்கணினிக்கு அது தெரியாது. இரண்டையும் உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

மாடி வீட்டுக்காரர் விஷயம்தான் நுட்பமானது. அக்கா ஏற்கெனவே ஒன்று செய்து பார்த்திருந்தாள். அவர்களுக்கென்று ஒரு சிறு ரவுட்டர் வாங்கி, கீழிருந்து கம்பி இழுத்திருந்தாள். கம்பியை அதன் 'வான்' என்ற வெளியிணைப்புத் துளையில் செருகுவதற்குப் பதிலாகப் பக்கத்தில் 'லேன்' என்ற உள்வலைத் துளையில் செருகிவிட்டார்கள். வீட்டில் முகவரி வழங்குபவர்கள் இருவர் ஆனார்கள். இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்றே தங்களைச் சொல்லிக்கொண்டன. எந்தப் போன் யாரிடம் முகவரி வாங்கியதோ அதைப் பொறுத்து நெட் வந்தது, போனது. அடிக்கடி நின்றுபோனதன் காரணம் இதுதான்.

கம்பியைச் சரியான துளைக்கு மாற்றி, மாடிப் பெட்டியின் முகவரியை 192.168.2.1 ஆக்கினேன். இணையம் சீரானது. மாடிக்குத் தனி வலை, இனி கவலையில்லை என்று தோன்றும். மாடி வீட்டுத் தம்பியின் மடிக்கணினியை வாங்கி 192.168.1.1 என்று அடித்தேன். கீழ்வீட்டு ரவுட்டரின் நுழைவுப் பக்கம் வந்து நின்றது. பிரிண்டரின் முகவரியை அடித்தேன். மையின் அளவு உட்பட எல்லாம் தெரிந்தது. மாடிப் பெட்டிக்குக் கீழ்வீட்டு வலையே 'வெளியுலகம்'. உள்ளிருந்து வெளியே போவதை நேட் தடுக்காது என்று முன்னே சொன்னது இங்கே வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. மாடிக்காரரைக் கீழ்வீட்டிலிருந்து காத்தோம். கீழ்வீட்டை மாடியிலிருந்து காக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ரவுட்டரை மாட்டும் வீடுகளில் பலருக்கும் இது தெரியாது.

இதற்கு வழி, இரண்டு குடும்பத்தையும் கிளைகளாக்குவது. நிறுவனத்தின் ஃபைபர் பெட்டி மேலே. அதன் வைஃபை அணைக்கப்பட வேண்டும். அதிலிருந்து ஒரு கம்பி அக்காவின் சொந்த ரவுட்டருக்கு, இன்னொரு கம்பி மாடி ரவுட்டருக்கு. இருவரும் மேலே உள்ள பெட்டியைத் தொடலாம், ஒருவரை ஒருவர் தொட முடியாது. 1,500 ரூபாய்க்குள் ஒரு ரவுட்டர் வாங்கினால் போதும். இதில் எனக்குப் பிடித்த பலன் வேறு: ஆளும் சாவி யாரிடமோ இருக்கும் பெட்டியில் இப்போது வீட்டுப் பொருள் ஒன்றுகூட நேரடியாக இல்லை. அந்தப் பெட்டியில் நுழைந்தாலும் அக்காவின் ரவுட்டர் அதற்கு ஒரு சுவர். பெயர்ச்சேவை முகவரியையும் அக்காவின் ரவுட்டரிலேயே எழுதிவிட்டேன். இரட்டை நேட் ஆகிவிடுகிறதே என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. சில விளையாட்டுகளுக்கும், வெளியிலிருந்து நேராக வீட்டுக்குள் வர விரும்புபவர்களுக்கும் அது இடைஞ்சல்தான். ஐபிவி6-உம் சில வீடுகளில் உள்ளே வந்து சேராது. அந்தத் தேவை உள்ளவர்கள் நிறுவனப் பெட்டியை, நேட் செய்யாமல் வெறுமனே கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித்தரச் சொல்லிக் கேட்கலாம். அப்போது மாடிக்குக் கெஸ்ட் நெட்வொர்க்தான் வழி.

ரவுட்டர் வாங்கும்போது வேகத்தையும் கொம்புகளின் எண்ணிக்கையையும் பார்க்கிறோம். எத்தனை ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு வரும் என்று கேட்பதில்லை. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற மென்பொருள் 54 நாடுகளில் 5 லட்சம் ரவுட்டர்களில் குடியிருந்தது வெளிப்பட்டது. அவற்றுள் பல பழைய, தெரிந்த ஓட்டைகள் அடைபடாத பெட்டிகள். நிறுவனம் கைவிட்ட பெட்டிக்கு ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் மறுவாழ்வு கொடுக்கிறது. லிங்க்சிஸ் தன் நீலப் பெட்டியின் மூலநிரலை 2003-ல் வெளியிட நேர்ந்ததிலிருந்து கிளைத்தது அது. கைப்பழக்கம் உள்ளவர்கள் முயலலாம். மற்றவர்களுக்குத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ரவுட்டர் போதும்.

அன்று மாலை அக்காவின் முதன்மை வலையில் ஏழு கருவிகள் இருந்தன. கேமரா இரண்டும் மோட்டார் சுவிட்சும் திண்ணைக்குப் போயின. டியூஷன் பிள்ளைகளுக்கான கடவுச்சொல்லை அக்கா கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்தாள். பள்ளி விடுமுறை விடும்போது மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள். முதன்மைக் கடவுச்சொல்லையும் ஆளும் கடவுச்சொல்லையும் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி பீரோவில் வைத்தாள். தெரியாத இரண்டு கருவிகளில் ஒன்று அத்தானின் பழைய டேப்லெட். இரண்டு நாள் கழித்து, நெட் வரவில்லையே என்று அதை எடுத்துக்கொண்டு அத்தான் வந்தார். மற்றொன்றுக்காக இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.